நித்திரை கொள்ளும் முகம்

பெரியகல்லாறு
18.05.2025

அன்பின் சித்தப்பாவுக்கு,

கேட்காமல் கடிதம் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். உங்களுக்குக் கோல் எடுக்க நம்பரை அழுத்திவிட்டு நிறுத்திவிட்டேன். "ஆரு?" என்று நீங்கள் கேட்டால் எனக்குக் குரல் வராது. எழுதினால் வெட்டித் திருத்தலாம். இது திருத்தி முடித்த பிறகு பார்த்து எழுதிய பிரதி.

நான் பிரஷாந்தி, உங்கள் அண்ணன் வினாயகமூர்த்தியின் மகள். அப்பப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு நீங்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்போது நான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது பட்டம் முடித்துவிட்டேன், கட்புலக் கலையில். அது என்ன படிப்பு என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள். "படம் கீறுற படிப்பு" என்று அம்மா சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவார். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் பட்டம் எடுத்தவர் இல்லாததால், சரியா பிழையா என்று சொல்ல ஆளும் இல்லை.

முதலில் சொல்ல வேண்டியது: அப்பா உயிரோடு சுகமாக இருக்கிறார். அதை நீங்களே எங்கள் வாசல் படலையடியில் நின்று கண்டீர்கள். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

நடந்ததை உங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். படிப்பின் கடைசி வேலையாக நான் களைத்த மனிதர்களைப் படம் எடுத்தேன். ஆஸ்பத்திரி பஸ் தரிப்பிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் தாதி. டிக்கெட் புத்தகத்தை நெஞ்சோடு வைத்தபடி கடைசி ஆசனத்தில் சரிந்திருக்கும் கண்டக்டர். வகுப்பில் எங்களுக்கு வெளிநாட்டு ஓவியங்கள் காட்டினார்கள். அறுவடைக்காரர்கள் மத்தியானத்தில் வைக்கோலில் படுத்திருக்கும் ஓவியங்கள். விரிவுரையாளர் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். எந்த நாட்டிலும் களைத்தவன் முதலில் காலைத்தான் விடுவிக்கிறான் என்று தோன்றியது. சொல்லலாம் என்று கையை உயர்த்தப் போய், தலையைச் சொறிந்துவிட்டு இருந்துவிட்டேன்.

எடுத்ததில் நல்ல படம் அப்பாவினுடையது. விடிய இறாலுக்குப் போய் வந்து, வாவிக்கரையில் தோணியில் சாய்ந்திருந்து வலையை உதறிக்கொண்டிருந்தவர், அப்படியே நித்திரையாகிவிட்டார். ஒரு கை வலைக்குள் கிடந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை, சித்தப்பா. கோபமும் இல்லை, கவலையும் இல்லை. இறக்கி வைத்த சாக்கு மாதிரி இருந்தது அந்த முகம்.

மட்டக்களப்பில் கண்காட்சி வைத்தோம். ஊர்க் கழகத்து நிலோஜன், சந்தியில் ஒரு பெனர் கட்டாவிட்டால் ஊருக்கு மரியாதை இல்லை என்று நின்றார். என் பெயரைப் பெரிதாகப் போட எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் படத்தில் இருப்பவரின் பெயரைப் போடுங்கள் என்று காத்தான்குடியில் பெனர் அடிக்கும் அக்ரம் நானாவுக்கு எழுதி அனுப்பினேன். படம் கறுப்பு வெள்ளை. அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, சுற்றிவரச் சாம்பல் நிறக் கரை போட்டு, இரண்டு பக்கமும் வெள்ளைப் பூ வைத்துவிட்டார். மேலே அப்பாவின் பெயர். கீழே பெரியகல்லாறு. கண்காட்சி என்பதும் இடமும் அதற்குக் கீழே சின்ன எழுத்தில். அந்த வரியைச் சந்தியில் நிறுத்தியிருந்த ஓட்டோக்கள் மறைத்துவிட்டன.

பிறகு கேட்டபோது அக்ரம் நானா, "கறுப்பு வெள்ளையில கண்ண மூடின ஆள அனுப்பினா நான் என்னத்த நினைக்கிற தங்கச்சி? பாவம், நல்ல மனிசன் போல என்டு பூவையும் கூட்டித்தான் வெச்சன்" என்றார்.

காலையில் பெனர் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கதிரை வாடகைக்காரர் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் கதிரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சீதேவிப்பிள்ளை மாமி ஒழுங்கையின் தொங்கலில் இருந்தே ஒப்பாரி சொல்லிக்கொண்டு வந்தார். சத்தம் கேட்டு அப்பா சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், "ஆரு மச்சாள் செத்தது?" என்று கேட்டார். மாமி மணலில் அப்படியே இருந்துவிட்டார். மறுகா எழும்பி, "உயிரோட இருக்கிற மனிசன் அத ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?" என்று அப்பாவுக்கு ஏசத் தொடங்கினார்.

பின்னேரம் வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி அம்மாவுக்குக் கை விட்டுப்போனது. கதிரைக்காரர் திரும்ப வந்து, ஏற்றி இறக்கின கூலிக்கு அப்பாவோடு வாய்க்குவாய் நின்றார். அப்போதுதான் கிணற்றடியில் இருந்து உங்களைக் கண்டேன். வெள்ளை உடுத்துக்கொண்டு படலையடியில் நின்றீர்கள். அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு கையில் இருந்த பையைப் படலையில் கொழுவிவிட்டுத் திரும்பி நடந்தீர்கள். எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை. அதற்கும் மன்னிக்க வேண்டும்.

பைக்குள் புது வெள்ளை வேட்டி இருந்தது. அது எதற்கு எடுத்த வேட்டி என்று எனக்கு விளங்கியது. உங்களைக் கண்டதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லட்டுமா?

பணிவுடன்,
பிரஷாந்தி


வாகரை
23.05.2025

மகள் பிரஷாந்திக்கு,

கடிதம் கிடைத்தது. உறையின் பின்பக்கம் அனுப்புபவரின் முகவரி இல்லை. நான் வீடு மாறிப் போயிருந்தால் இந்தக் கடிதம் எங்கே திரும்பிப் போவது? பட்டம் படித்த பிள்ளை இதைக் கவனிக்க வேண்டும். பென்ஷன் எடுக்கும் வரை தபால் கொண்டு திரிந்தவன் சொல்கிறேன்.

உன் அப்பாவிடம் சொல்லாதே.

சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர் போனில் வந்திருந்த அந்தப் பெனரின் படத்தைக் காட்டி, "இது உங்கட தமையன்தானே, எல்லுவா?" என்று கேட்டார். பார்த்தேன். ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். உன் சித்தியும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வாழைச்சேனையில் அடுத்த பஸ் வரும் வரைக்கும் கடைக்குள் போய் ஒரு வேட்டி எடுத்தேன். உள்ளதில் நல்லது தாருங்கள் என்றேன். என்ன விசேஷம் என்று கடைக்காரர் கேட்டார். காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது, பிரேதத்தின் முன்னால் போய் நின்று என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருடம் கதைக்காதவன் சும்மா நின்று அழுதால் சனம் சிரிக்கும். ஒரு சொல்லும் அகப்படவில்லை. வந்து பார்த்தால் பிரேதம் கதிரைக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டு நிற்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்திலேயே ஏசியிருப்பேன். ஏசாமல் பையைக் கொழுவிவிட்டுத் திரும்பிவிட்டேன். கல்முனையில் இருந்து பஸ் வந்தது, ஏறி மட்டக்களப்புக்கு வந்தேன், அங்கிருந்து வாகரை பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழும்பி வேறு ஆசனத்துக்குப் போனார். அப்போதுதான் தெரிந்தது, நான் தனியே சிரித்துக்கொண்டு வருகிறேன் என்று. கண்ணாலும் வடிந்துகொண்டிருந்தது.

இதை வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று நீ நினைக்கக் கூடாது. எங்கள் தகப்பனார் படுக்கையில் கிடந்தபோது உன் அப்பா எனக்கு ஒரு வரி அறிவிக்கவில்லை. ஊரார் வீட்டு நன்மை தின்மை எல்லாவற்றையும் சைக்கிளில் கொண்டு போய்க் கொடுத்தவன் நான். என் தகப்பனின் சேதி, அவர் கண்ணை மூடின பிறகுதான் எனக்கு வந்தது. ஓடி வந்து பார்த்தால் உன் அப்பா நித்திரை. மிச்சத்தை உன் அம்மாவிடம் கேள்.

இன்னொன்று. படம் எடுக்க முன் அவரைக் கேட்டாயா? நித்திரையில் இருக்கிறவனிடம் இருந்து அவனுக்குத் தெரியாமல் எதையும் எடுக்கக் கூடாது.

தங்கராசா


பெரியகல்லாறு
29.05.2025

அன்பின் சித்தப்பாவுக்கு,

முகவரியை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இந்த முறை அதை எழுதிவிட்டுத்தான் கடிதத்தையே தொடங்கினேன்.

படம் எடுக்கும்போது நான் அப்பாவைக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் எழுப்ப வேண்டும், எழுப்பினால் அந்தப் படம் இல்லை. கண்காட்சிக்கு வைக்க முன்னர் காட்டிக் கேட்டேன். நீங்கள் சொன்னதை வாசித்ததில் இருந்து, அது போதுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தாதியிடமும் கண்டக்டரிடமும் நான் கேட்கவே இல்லை. எடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். கண்ணைத் திறந்திருக்கிற ஒருவரை நேரே பார்த்து "படம் எடுக்கலாமா" என்று கேட்க எனக்குத் துணிவு இல்லாதபடியால்தான், கண்ணை மூடியவர்களாகத் தேடித்தேடி எடுத்தேனோ தெரியாது.

அப்பா அந்தப் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். நித்திரை கொள்ளும் தன் முகத்தை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள் அல்லவா. "அப்பாட மூஞ்சி மாதிரிக் கிடக்கு" என்றார், அப்பப்பாவை நினைத்து. கொஞ்சம் பொறுத்து, "அண்டைக்கும் நான் இப்பிடித்தான் கிடந்தனா?" என்று கேட்டார். என்றைக்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்காமலே தலையை ஆட்டினேன். படத்தை வைக்கச் சொல்லிவிட்டார்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அம்மாவிடம் கேட்டேன். அப்பப்பாவைக் கழுவித் துடைத்து, தூக்கி இருத்திக் கஞ்சி பருக்கி, அதற்கிடையில் தோணியிலும் போய் வந்தாராம் அப்பா, மாதக்கணக்காக. செத்தவீட்டன்று மத்தியானம் பறை முழங்கிக்கொண்டிருக்க, பிரேதத்தின் தலைமாட்டில் சுவரோடு சாய்ந்தபடி நித்திரையாகிவிட்டார். நீங்கள் வாகரையில் இருந்து வந்து இறங்கினது அந்த நேரத்தில். "பெத்த தகப்பன் கிடக்கக்குள்ள குறட்டை விடுறான். இவனும் ஒரு மகனா?" என்று சபைக்குள் வைத்துச் சொன்னீர்களாம். அப்பா விழித்து எழும்பி, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாராம். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

நாங்கள் கதைத்தது அப்பாவுக்கு அவர் இருந்த இடத்தில் கேட்டிருக்கிறது. வலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நாளைக்குத் தம்பிக்கு அறிவிப்பம் என்டுதான் ஒவ்வொரு நாளும் நினைக்கிற. நினைச்சிக்கிட்டு இருக்கக்குள்ளயே கண் சொருகிரும்."

நான் நியாயம் சொல்ல வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

என் படங்களுக்குள் அம்மா இல்லை என்பதையும் இப்போதுதான் கவனித்தேன். ஏன் அம்மா, நீ எங்கேயும் சாய்ந்து கிடந்து நான் காணவில்லையே என்று கேட்டேன். "களைச்சா நான் அடுப்படிக்குள்ள போயிருவன். அங்க ஆரு வந்து படம் எடுக்கிற?" என்றார்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். நீங்கள் கொழுவிவிட்டுப் போன வேட்டியை அப்பா பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறார். யாரோ நேர்த்திக்கடனுக்குக் கொழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள், கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு உடுக்கப் போகிறேன் என்கிறார். சொல்லாதே என்று நீங்கள் எழுதியதால் நான் வாயைத் திறக்கவில்லை. நான் என்ன செய்வது?

பிரஷாந்தி


வாகரை
05.06.2025

மகள் பிரஷாந்திக்கு,

அந்த வேட்டியை உடுக்க விடாதே. பிரேதத்துக்குப் போர்க்க எடுத்தது. அதை உடுத்துக்கொண்டு ஒருவன் அம்மன் வாசலில் போய் நிற்பதா? ஒளித்து வை. கிழித்தாலும் பரவாயில்லை. வேறு வேட்டி எடுத்து அனுப்புகிறேன். தேவையென்றால் நான்தான் கொண்டு வந்தேன் என்று சொல்லிவிடு. என் மானத்தைப் பார்க்காதே.

இந்தக் கடிதத்தை இதோடு முடித்து உறையை ஒட்டினேன். திரும்பக் கிழித்து எழுதுகிறேன். இப்படி என் வாழ்நாளில் செய்ததில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் நித்திரைக்கு இல்லை, மகள். எங்கள் அப்பாவின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது அண்ணன் ஒருவர்தான். என்ன கேட்டார், தண்ணீர் குடித்தாரா, என் பெயரைச் சொன்னாரா, எதுவும் எனக்குத் தெரியாது. பிந்தி வந்தவனுக்கு ஒருவர் விழித்திருந்து, இப்படித்தான் போனார் என்று சொல்ல வேண்டாமா? சொல்லக்கூடிய ஒரே ஆள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அதுதான்.

போனில் அந்தப் படத்தைக் கண்டபோதும் அந்த நினைப்புத்தான் முதலில் வந்தது. இனிச் சொல்ல ஆள் இல்லை என்று.

தங்கராசா


பெரியகல்லாறு
12.06.2025

அன்பின் சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் குளிர்த்தியன்றுதான் கைக்கு வந்தது. தபால்காரர் கூப்பிடும்போது அப்பா குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றார். வேட்டி கொடியில் கிடந்தது. ஒளிக்க நேரம் இல்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நின்று, "அப்பா, அந்த வேட்டி சித்தப்பா கொண்டு வந்தது, அது எதுக்கு எடுத்த வேட்டியெண்டால்" என்று தொடங்கினேன். இவ்வளவு நீளமாக நான் அவரோடு நேரே கதைத்ததில்லை.

"தெரியும்" என்றார்.

பையின் வாயைக் கண்டபோதே தெரிந்துவிட்டதாம். தபால் பொதிக்குப் போடுகிற முடிச்சாம் அது, இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகி. "இந்த முடிச்ச எங்கட ஊரில ஒருத்தனும் போடமாட்டான். அவிழ்க்க அரை நாள் போச்சு" என்றார். நான் அவிழ்க்கும் முன்னரே பை அவிழ்ந்து கிடந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நேர்த்தி என்று சொன்னதெல்லாம் எங்களுக்குச் சொன்ன கதை. எதற்கு எடுத்தது என்றும் அவருக்குத் தெரியும்.

அம்மா விடவில்லை. ஆகாத துணி என்று பறித்தார். அப்பா ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். "செத்த பிறகு போர்த்தா, தம்பி எடுத்துத் தந்தது என்டு எனக்குத் தெரியவா போகுது? இப்ப உடுத்தாத்தானே தெரியும்" என்றார். அம்மா இழுப்பதை நிறுத்தினார். பிறகு மஞ்சள் கரைத்து, வேட்டியை அதில் நனைத்து எடுத்து, வெயிலில் போட்டார். அது காயும் வரைக்கும் அப்பா சாரத்தோடு வாசலில் நடந்துகொண்டு திரிந்தார்.

உடுத்துக்கொண்டுதான் போனார், சித்தப்பா. உங்கள் சொல்லைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. ஆனால் இப்போது அது வெள்ளை வேட்டி இல்லை. வெளிறின மஞ்சள். கோயிலடியில் சீதேவிப்பிள்ளை மாமி கண்டுவிட்டு, "செத்துப் பிழைச்ச மனிசன் மாப்பிள்ளை வேசத்தில வந்திரிக்கார்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். அப்பா சிரித்தார். குளிர்த்தித் தண்ணீர் தெளித்தபோது தோளில் பட்டு வேட்டி வரைக்கும் வழிந்தது. அப்பா அதைத் துடைக்கவில்லை.

உங்கள் கடிதத்தின் மற்றப் பகுதியையும் மறுநாள் அவருக்கு வாசித்துக் காட்டினேன். காட்டலாமா என்று உங்களைக் கேட்கவில்லை. இது நான் கேட்காமல் எடுத்த இன்னொரு விஷயம். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வாசித்து முடித்த பிறகும் திரும்பவில்லை. அப்பப்பா எப்படிப் போனார் என்று நானே கேட்டேன். "அத அவனுக்குத்தான் சொல்ல வேணும்" என்றார். "உனக்குச் சொல்லிற்றா மறுகா அவனுக்குச் சொல்ல ஒண்டும் இருக்காது."

இத்தனை வருடமும் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லையாம். உங்களுக்காக வைத்திருக்கிறார்.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். தாதியைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். படத்தைக் காட்டி, நேரே பார்த்துக் கேட்டேன். தன் கழுத்து இவ்வளவு சரிந்திருக்கும் என்று நினைக்கவில்லை என்று சிரித்துவிட்டு, வைக்கலாம் என்றார். கண்டக்டரை இன்னும் சந்திக்கவில்லை. பெனரைக் கழகத்தார் அவிழ்த்துக் கொண்டுவந்து தந்தார்கள். நல்ல தடித்த பெனர் என்று அப்பா அதைத் தோணிக்கு மேல் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறார். மத்தியானத்தில் அதன் நிழலில்தான் படுக்கிறார். மேலே ஒரு அப்பா பூவுக்கு நடுவில் நித்திரை, கீழே ஒரு அப்பா குறட்டை விட்டுக்கொண்டு நித்திரை. பார்ப்பவர்கள் நின்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். நான் படம் எடுக்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முதல் கடிதத்திலேயே எழுதினேன், வெட்டிவிட்டேன். இரண்டாவதிலும் எழுதி வெட்டினேன்.

ஒருநாள் வாங்கள். காலை பஸ்ஸில் வெளிக்கிட்டால் மத்தியானம் வந்து சேருவீர்கள், அது அவர் படுக்கிற நேரம். பையைக் கொழுவிவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். அவராக எழும்பட்டும் என்று கரையில் காத்து நிற்கவும் வேண்டாம்.

அப்பாவைத் தட்டி எழுப்புங்கள், சித்தப்பா.

உங்கள் மகள்,
பிரஷாந்தி